பல்ப்பை எப்ப நிப்பாட்டுறது?

கோழிக்குஞ்சு வளர்க்கிற வீடுகளில் நாலாம் கிழமை வந்தால் இந்தக் கேள்வியும் வந்துவிடும். 2022இல் மின்கட்டணம் ஏறின பிறகு எங்கட வீட்டில் அது இன்னும் முந்தியே வருகிறது.

கணக்கு ஒன்று இருக்கு: முதல் கிழமை 33 பாகை செல்சியஸ் அளவில், பிறகு கிழமைக்கு ஏறக்குறைய 3 பாகை குறைக்க வேண்டும். அம்மாவிடம் வெப்பமானி இல்லை. குஞ்சுகள் படுக்கிற விதத்தைத்தான் பார்க்கிறா. பல்ப்புக்குக் கீழே ஒன்றின்மேல் ஒன்று ஏறி நெருக்கினால் குளிர். சொண்டைத் திறந்தபடி மூலைக்கு ஒதுங்கினால் சூடு கூட. பரவலாகப் படுத்தால் சரி. பஞ்சு மயிர் குளிரைத் தாங்காது, செட்டை முளைக்க வேண்டும். யாழ்ப்பாண வெயிலுக்குப் பகலில் முதலில் நிப்பாட்டலாம். மார்கழி இரவில் அவசரப்படக் கூடாது. பல்ப்பைக் கொஞ்சம் உயர்த்திக் கட்டி, இரண்டு இரவு பார்த்து, பிறகு இன்னும் கொஞ்சம்.

முப்பது குஞ்சில் ஐந்து செத்தால் அது என்ர போர்டிங் காசில் தெரியும். அம்மாவுக்கு முதல் குஞ்சுகளைத் தந்த வாழ்வாதாரத் திட்டம் மூன்றாம் மாதத்தோடு முடிந்தது. கடைசி நாளில் படம் எடுத்தவை. அதுக்குப் பிறகு ஒருத்தரும் வந்து பார்க்கவில்லை.

அம்மா பல்ப்பை நிப்பாட்டின இரவிலும் இரண்டு தரம் எழும்பிப் போய்ப் பார்க்கிறா.