முதலில் காப்பி, பிறகுதான் ரிப்பேர்

அக்கா வீட்டுக் கம்ப்யூட்டர் படங்கள் இருக்கும் ஃபோல்டரைத் திறந்தாலே உறைந்து நிற்கிறது. மற்ற வேலையெல்லாம் ஓரளவு ஓடுகிறது. "வைரஸா இருக்கும், ஃபார்மேட் போட்டுடலாம்" என்றாராம் கடைக்காரர். தயவுசெய்து வேண்டாம் என்று தடுத்துவிட்டேன். குறிப்பிட்ட ஃபைல்களைத் தொடும்போது மட்டும் திணறினால் முதல் சந்தேகம் ஹார்ட் டிஸ்க் மேல்தான்.

கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டுப் பார்த்தேன். மஞ்சள் நிறத்தில் 'காஷன்'. சி5 என்ற வரியில் பூஜ்யம் இருக்கவேண்டும், இல்லை. படிக்க முடியாமல் நிற்கும் செக்டர்களின் (டிஸ்க்கின் சிறு பகுதிகளின்) கணக்கு அது. டிஸ்க்கின் தட்டு சுற்றுவது நிமிடத்துக்கு 7200 சுற்று என்றால் நொடிக்கு 120. கெட்டுப்போன செக்டரை ஒவ்வொரு முறை மறுபடி படிக்கவும் தட்டு ஒரு சுற்று வரவேண்டும். விடாமல் முயன்றுகொண்டே இருக்கிறது, நமக்கு அது 'ஸ்லோ'வாகத் தெரிகிறது. அதற்குப் பதில் சி7 என்ற வரியில் மட்டும் எண் ஏறியிருந்தால் நிம்மதி, பெரும்பாலும் கேபிள் கோளாறுதான்.

சி5 ஏறிய இந்த நிலையில், விண்டோஸின் டிஸ்க் சோதனைக் கருவியான செக்டிஸ்க்கை ஓட்டாதீர்கள். தளர்ந்துபோன டிஸ்க்கை முழுக்கப் படிக்கவைப்பது அதன் மிச்ச உயிரையும் வாங்கிவிடும். உடனே வேறொரு டிஸ்க்குக்குக் காப்பி எடுங்கள்: முதலில் குழந்தைகளின் படங்கள், பத்திரங்களின் ஸ்கேன். சினிமாவெல்லாம் கடைசியில். 'டக் டக்' என்று சத்தம் கேட்டால் உடனே பவரை நிறுத்திவிடுங்கள்.

டிஸ்க் தன்னைத்தானே கண்காணிக்கும் 'ஸ்மார்ட்' வசதி (கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ காட்டுவது அதைத்தான்) 'குட்' என்று காட்டினாலும் காப்பி அவசியம். கூகுள் பொறியாளர்களின் 2007 ஆய்வில், செயலிழந்த டிஸ்க்குகளில் பாதிக்கு மேல் முக்கியமான நான்கு எச்சரிக்கைகளில் ஒன்றைக்கூடக் காட்டவில்லை.