குத்தடியில் குள்ளச் சிலந்தி

எட்டுக்கால் பூச்சி என்றதும் நமக்குச் சுவர் மூலை வலைதான் ஞாபகம் வரும். நான் சொல்லப்போவது நெல் குத்தின் அடியில், தண்ணிக்குச் சற்று மேலே குடியிருக்கும் குள்ளச் சிலந்தியை. வளர்ந்ததே சில மில்லிமீட்டர்தான். வேறு சிலந்தியோட குஞ்சு என்று நினைத்துவிடுவோம். நெல் பற்றிய புத்தகங்களில் இதன் பெயர் அட்டிபீனா ஃபார்மோசானா. 1977-ல் ஓய் என்ற ஜப்பானிய அறிஞர் இதைக் காலிட்ரிசியா என்ற பேரினத்தில் வைத்தார். பிறகு அட்டிபீனாவுக்கு மாற்றினார்கள், மறுபடியும் காலிட்ரிசியா என்றார்கள். (ரேஷன் கார்டில்கூட பேர் இத்தனை தடவை மாறாது!)

ஒரே குத்தில் 30, 40 வரைகூட இருக்குமாம். ஒன்று ஒரு நாளைக்கு நாலைந்து தத்துப்பூச்சி தின்னும். அதிலும் புகையான் குஞ்சு என்றால் விடாது.

புகையானைப் பற்றி பாகூர் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நான் சொல்ல வேண்டாம். தூரடியில் உட்கார்ந்து சாறை உறிஞ்சும், பயிர் வட்ட வட்டமாகக் கருகும். போன சம்பாவில் எங்கள் வயலிலும் வந்தது. மொத்தமே 80 குழி, அதுவும் வாரத்துக்கு. அப்பா கடன் வாங்கி ஒரு பாட்டில் மருந்தோடு வந்துவிட்டார். விற்றவர் எங்கள் பயிரைப் பார்த்ததுகூட இல்லை.

வேளாண் பல்கலைக்கழகம் ஒரு கணக்கு சொல்கிறது. சிலந்தி இல்லாத வயலில் தூருக்கு 1 புகையான் இருந்தாலே மருந்து அடிக்கணும். குத்துக்கு 1 சிலந்தி இருந்தால் தூருக்கு 2 வரும்வரை பொறுக்கலாம். ஏன்னா மருந்து சிலந்தியையும் கொன்னுடும், தண்டுக்குள்ள இருக்கிற புகையான் முட்டை தப்பிச்சுப் பொரிக்கும். இந்தோனேசியாவில் இப்படி அடிக்க அடிக்கப் பெருகித்தான், 1986-ல் அந்த அரசு நெல்லுக்கு 57 மருந்துகளைத் தடை செய்தது.

நானும் அம்மாவும் இறங்கி 20 குத்து எண்ணினோம். புகையான் தூருக்கு ஒன்றுக்குக் கொஞ்சம் மேலே. சிலந்தி குத்துக்கு ரெண்டு, மூணு.

"சிலந்தி தின்னு முடிக்கிற வரைக்கும் கடன் குடுத்தவன் காத்திருப்பானா?" என்றார் அப்பா. எனக்குப் பதில் தெரியவில்லை. அம்மாதான், "மூணு நாளு பொறுங்க" என்றார். தண்ணியை வடித்துவிட்டோம்.

நாலாம் நாள் தூருக்கு ஒன்றுக்கும் கீழே இறங்கியிருந்தது. பள்ளமான கிழக்கு மூலையில் மட்டும் மூணு குழி கருகிடுச்சு. அந்த மூணு குழியை அப்பா இன்னும் சொல்லிக் காட்டுகிறார். பாட்டில் மூடி திறக்காமல் கொட்டாய் எறவாணத்தில் சொருகியிருக்கு. இந்த சம்பாவுக்கு உங்க வயலில் எண்ணணும்னா சொல்லுங்க, சாயங்காலம் வர்றேன்.