திருப்புல்லாணிச் சிறார்க்கு ஒரு சித்திர வகுப்பு

இராமநாதபுரத்திற்குத் தெற்கே ஏறத்தாழ 10 கி.மீ. தொலைவில் உள்ளது திருப்புல்லாணி. வைணவர் போற்றும் 108 திருப்பதிகளுள் ஒன்றான ஆதிஜகந்நாதர் கோவிலால் பெயர் பெற்ற ஊர் இது. இலங்கைக்கு வழி வேண்டி, இராமபிரான் தருப்பைப் புல்லை விரித்துக் கடலரசனை நோக்கிக் கிடந்த இடம் இதுவென்பது மரபு. அந்தப் புல்லணையே ஊர்ப்பெயராயிற்று என்பர். மேலும் சற்றுத் தெற்கே சென்றால் சேதுக்கரை. அதற்கப்பால் மன்னார் வளைகுடா.

பள்ளி விட்டபின், 5 முதல் 8 வயதுவரையுள்ள சிறார்க்கு இங்கே ஒரு சித்திர வகுப்பு நடத்தும் எண்ணத்தோடு ஊரையும் கரையையும் சுற்றி வந்தோம். இரண்டு மலைகள், அவற்றின் நடுவே உதிக்கும் ஞாயிறு, கீழே ஓர் ஆறு, அருகில் ஓர் ஓட்டுவீடு: நம் நாட்டுக் கரும்பலகைகளில் எங்கும் தோன்றும் படம் இதுவே. இப்பகுதியிலோ மலையுமில்லை, வற்றாத ஆறுமில்லை. பனையும், கண்மாயும், உப்புக்காற்றும், கடலும் உண்டு. தான் காணாத மலையைப் பார்த்தெழுதும் குழந்தை, தன் வாசலில் நிற்கும் பனை வரையத் தகாதது என்றல்லவா எண்ணிக்கொள்ளும்? 1978-இல் தமிழகத்தின் மாநில மரமாக அறிவிக்கப்பட்ட மரமன்றோ அது!

ஆகவே, ஆயத்தம் கடையில் அன்று, கண்ணில் தொடங்க வேண்டும். சேதுக்கரையில் கடலைக் காலையிலும் நண்பகலிலும் மாலையிலும் நோக்கினோம். காலையில் சாம்பல், நண்பகலில் பசுமை, மாலையில் செம்பு நிறம். கடலுக்கு நீலக்கோலை மட்டும் எடுத்து நீட்டும் ஆசிரியர், குழந்தை கண்ட கடலை மறைத்துவிடுகிறார்.

குழந்தையின் கைக்கும் ஓர் ஒழுங்குண்டு. முதலில் கிறுக்கல், பின் வட்டம், அதன்பின் தலையிலிருந்தே கால் முளைத்த மனிதன். ஆறேழு வயதில் தாளின் அடியில் நிலக்கோடும், உச்சியில் வானப்பட்டையும் தோன்றும். விக்டர் லோவன்ஃபெல்டு என்பவர் 1947-இல் வெளியிட்ட நூலில் இப்படிநிலைகளை விளக்கினார். இவை பிழைகள் அல்ல, வளர்ச்சியின் படிகள். அவருக்கு முன்பே, 1897-இல் வியன்னா நகரில் ஃபிரான்ஸ் சிசெக் சிறுவர்க்கென ஒரு கலை வகுப்பைத் தொடங்கி, பார்த்தெழுதுவதை விடுத்து, தம் மனத்திலுள்ளதை வரைய அவர்களுக்கு இடமளித்தார்.

பொருள்களுக்குப் பெருஞ்செலவு வேண்டா. பழைய செய்தித்தாள், அடுப்புக்கரி, செம்மண், மஞ்சள்தூள், கஞ்சிப்பசை ஆகியவை போதும். பனைமட்டையின் நுனியை நசுக்கினால் தடித்த தூரிகை கிடைக்கும். வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கி வண்ணத்தில் தோய்த்து அழுத்தினால் பூ மலரும். மஞ்சளில் சுண்ணாம்பு சேரச் சிவப்பாவது சிறுவர்க்குப் பெருவியப்பு. ஆனால் சுண்ணாம்பு கண்ணையும் தோலையும் புண்படுத்துமாதலால், அதை ஆசிரியரே கலந்து காட்டுக.

பசித்து வரும் குழந்தைக்கு முதலில் ஒரு பிடி சுண்டல் கொடுப்போம். பின்பு வெளியே அழைத்துச் சென்று ஒரே ஒரு பனையைத் தொட்டுப் பார்க்கச் செய்வோம். அரைமணி நேரம் வரையட்டும். இறுதியில் ஒவ்வொருவரும் தம் படத்தின் கதையைக் கூறட்டும். படத்தால் கதை சொல்வது இம்மண்ணுக்குப் புதிதன்று. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சேதுபதிகள் இராமநாதபுரத்து இராமலிங்க விலாசத்தின் சுவர்களில் இராமாயணத்தையும் போர்க்காட்சிகளையும் தீட்டச் செய்தனர். அவற்றை இன்றும் காணலாம்.

ஆசிரியர் தமக்கென ஒரு நோன்பையும் ஏற்க வேண்டும்: குழந்தையின் தாளில் தம் கையால் ஒரு கோடும் இழுக்கலாகாது. திருத்திய கோடு அழகாயிருக்கலாம்; ஆனால் அன்றிலிருந்து அப்பிள்ளை, "எனக்கு வரைய வராது" என்று சொல்லப் பழகிவிடும்.

பெற்றோரே, மாலையில் கறைபடிந்த விரல்களோடு உங்கள் பிள்ளை ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டும்போது, "இது என்ன கிறுக்கல்?" என்று கேளாதீர்கள். "இதைப்பற்றிச் சொல், கண்ணே" என்று அருகில் அமர்த்திக்கொள்ளுங்கள். அது கூறி முடிக்கும்வரை அடுப்பு வேலை சற்றுக் காத்திருக்கட்டும்.