'ப்ளூ செவன்': நவராத்திரி மண்டபத்துச் செவியோடு

திருவனந்தபுரம் குதிரமாளிகையின் நவராத்திரி மண்டபத்தில் எந்நாளில் எந்த இராகம் என்பது முன்னரே வகுக்கப்பட்டது. முதல் நாள் சங்கராபரணம், இரண்டாம் நாள் கல்யாணி, ஒன்பதாம் நாள் ஆரபி. கிருதியும் சுவாதித் திருநாளுடையதே. அவையினர் கைதட்டுவதில்லை. பாடுபவருக்கு எஞ்சுவது மனோதர்மம் மட்டுமே. அவர் யார் என்பதும் அங்கேதான் தெரிந்துவிடுகிறது.

அந்தச் செவியோடு சன்னி ரோலின்ஸின் 'சாக்ஸபோன் கொலோசஸ்' இசைத்தட்டைக் கேட்கலாம். 1956 ஜூன் 22 அன்று, நியூஜெர்சியின் ஹேக்கன்சாக்கில் ரூடி வான் கெல்டரின் ஒலிப்பதிவுக்கூடத்தில் ஒரே நாளில் பதிவானது. ரோலின்ஸுக்கு அப்போது வயது 25. அவருடைய டெனர் சாக்ஸபோனுக்குத் துணையாகப் பியானோவில் டாமி ஃபிளானகன், பேஸில் டக் வாட்கின்ஸ், டிரம்ஸில் மாக்ஸ் ரோச். ஹார்ட் பாப் என்னும் பாணியின் கட்டுறுதிக்கு இந்த நால்வர் குழுவே போதிய சான்று. உருப்படிகள் ஐந்து. 'செயின்ட் தாமஸ்' எவரையும் உடனே ஈர்க்கும். அது தாய்வழி வந்த கரீபிய மெட்டு. நின்று கேட்க வேண்டியது இறுதியில் வரும் 'ப்ளூ செவன்'.

பன்னிரண்டு அளவைகள் கொண்ட ப்ளூஸ் வட்டம் ஆவர்த்தனம்போல் திரும்பத் திரும்ப வருகிறது. பேஸ் தனியே தொடங்குகிறது. பிறகு ரோலின்ஸ் சில ஸ்வரங்களே கொண்ட ஒரு பிடியை வைக்கிறார். அதை உடைக்கிறார், சுருக்குகிறார், நெடுநேரம் விட்டுவிட்டு மீண்டும் எடுக்கிறார். ரோச்சின் தனியும் இரண்டொரு சொற்களிலிருந்தே வளர்கிறது. இதை நிரவல் என்று சொல்லிவிடலாகாது. நிரவலில் சாகித்திய வரி நிலைத்திருக்கும். இங்கோ வரியே கரைந்துபோகிறது. ஒற்றுமை சிக்கனத்தில்தான்.

1958 நவம்பரில் கந்தர் ஷுல்லர் 'தி ஜாஸ் ரிவ்யூ' இதழில் இந்த உருப்படியைப் பகுத்தாய்ந்து, கருப்பொருள் வழிப்பட்ட மனோதர்மத்துக்கு இதை முன்மாதிரியாக நிறுவினார். கூர்மையான கட்டுரை, முழுக்கப் புகழ்ச்சி. ஆனால் அதைப் படித்த ரோலின்ஸுக்கு வாசிக்கும்போதே தன்னைக் கவனிக்கும் இடர்ப்பாடு வந்துசேர்ந்தது. தம்மைப் பற்றிய விமரிசனங்களைப் படிப்பதையே அவர் கைவிட்டார். உயிரோடிருக்கும் கலைஞரின் கற்பனை ஸ்வரங்களை ஒலிப்பதிவிலிருந்து எழுதியெடுத்து ஆய்வேடு சமர்ப்பிக்கும் நம் இசைத்துறைகள் இந்த நிகழ்வை எங்கேனும் பாடமாக வைத்திருக்கின்றனவா?

1959இல் அவர் மேடையைத் துறந்து வில்லியம்ஸ்பர்க் பாலத்தின்மீது தனியே பயின்றதற்கு ஷுல்லரைக் காரணமாக்குவது மிகை. தம் வாசிப்பில் நிறைவின்மையே அவரை அங்கு கொண்டுசென்றது. 1962இல் 'தி பிரிட்ஜ்' வெளிவந்தது. அதன்பின் அப்பத்தாண்டின் பிற்பகுதியில் அவர் பம்பாய் பவாய் ஆசிரமத்துக்கு வந்தார். அதை நிறுவிய சின்மயானந்தர் எர்ணாகுளத்தில் பிறந்தவர். அமர்ந்து தியானிக்க மனம் குவியவில்லை என்று கேட்டபோது, சாக்ஸபோன் வாசிப்பதே தமக்குத் தியானம் என்று அங்கே சொன்னார்கள் என ரோலின்ஸ் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார்.