தட்டிப் பார்த்து வாங்கிய படகு

டிக், டிக், டிக் என்று சீராகக் கேட்டுக்கொண்டிருந்த சுத்தியல் சத்தம் ஓரிடத்தில் ‘தொப்’ என்று அமுங்கியது. சர்வேயர் கையை நிறுத்தினார். இரண்டு விரல் மேலே தட்டினார், இரண்டு விரல் கீழே தட்டினார். பிறகு சட்டைப் பையிலிருந்து நீலநிற மெழுகுப் பென்சிலை எடுத்து, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வட்டம் போட்டார். பக்கத்தில் நின்ற ஆசிரியையின் முகம் அந்த வட்டத்தைப் பார்த்ததும் வாடியது. அவர் வாங்க நினைத்திருந்த முதல் பாய்மரப் படகு அது.

தெற்கு இங்கிலாந்தில், ஹாம்பிள் ஆற்றங்கரையில் இருந்தோம். ஆறு கொஞ்ச தூரம் ஓடி, சவுத்தாம்ப்டன் வாட்டர் என்ற கழிமுகத்தில் கலந்து, அதன் வழியாக வைட் தீவுக்கு முன்னால் கிடக்கும் சோலன்ட் நீரிணையை அடைகிறது. கரை நெடுக படகுத் துறைகள், பட்டறைகள். குளிர்காலத்தில் படகுகளைத் தண்ணீரிலிருந்து தூக்கி, கரையில் முட்டுக்கொடுத்து வரிசையாக நிறுத்திவிடுவார்கள். பழைய படகு வாங்க வருகிறவர்களுக்கு அதுதான் நல்ல பருவம். தண்ணீருக்குள் மறைந்திருக்கும் அடிவயிறு அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும்.

பழைய படகுகளைச் சோதித்து அறிக்கை தரும் ஒரு சர்வேயரின் பின்னால் ஒருநாள் நடந்து பார்க்க அனுமதி கேட்டிருந்தேன். சரி என்றவர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: தட்டும்போது பேசக் கூடாது. ஊரில் பானை வாங்கும்போது சுண்டிப் பார்த்து, காதருகே வைத்துக் கேட்கும் பெண்களைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அந்த நிபந்தனை உடனே புரிந்தது.

ஆசிரியை இரண்டு கோடைகாலம் மற்றவர்களின் படகுகளில் ஏறிப் பழகியவர். ராயல் யாட்டிங் அசோசியேஷனின் ‘டே ஸ்கிப்பர்’ பயிற்சியையும் முடித்திருந்தார். பாய் ஏற்றத் தெரியும், சுக்கான் பிடிக்கத் தெரியும். படகு வாங்கத் தெரியாது என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் பத்து சதவீத முன்பணம் கொடுத்து, சர்வே முடிவுக்கு உட்பட்டே வாங்குவதாக எழுதிக்கொண்டு, சர்வேயரை அழைத்து வந்திருந்தார்.

படகு, 1974இல் கட்டப்பட்ட வெஸ்டர்லி சென்டார். நீளம் 26 அடி. இங்கிலாந்தில் முதல் படகு தேடுகிற பலரும் என்றாவது ஒருநாள் இந்த வகைப் படகின் முன்னால் வந்து நிற்பார்கள். 1969இல் வெளிவந்து, அடுத்த பத்துப் பதினொரு ஆண்டுகளில் 2,400க்கும் மேல் கட்டப்பட்டவை இவை. வெஸ்டர்லி நிறுவனத்தைத் தொடங்கிய டெனிஸ் ரேய்னர், இரண்டாம் உலகப்போரில் நீர்மூழ்கிகளை வேட்டையாடிய கப்பல்களுக்குத் தலைமை தாங்கியவர். ‘தி எனிமி பிலோ’ நாவலை எழுதியவரும் அவர்தான். குறைந்த செலவில் ஒரு குடும்பம் கடலில் போய்வர ஏற்ற படகுகளை 1963 முதல் ஹாம்ப்ஷயரிலேயே அவர் கட்டத் தொடங்கினார். சென்டார் வந்தபோது அவர் உயிரோடு இல்லை.

சென்டாருக்கு ஏரா ஒன்றல்ல, இரண்டு. படகின் அடியில் கனமாக நீண்டிருக்கும் பகுதியை நம் கரையோர மக்கள் ஏரா என்பார்கள். முன்பக்கம் அணியம், பின்பக்கம் அமரம். மனதுக்குள் இந்தச் சொற்களைப் போட்டுப் பார்த்தபோது அந்த வெள்ளைப் படகு எனக்குச் சட்டென்று பழகிவிட்டது. இரட்டை ஏராவால் ஒரு பெரிய வசதி உண்டு. கடல் வற்றும்போது சேற்றில் சாயாமல் இரண்டு காலூன்றி நிற்கும். ஆழமான துறைக்குக் கட்டும் வாடகை மிச்சமாகும். ஆனால் சேறும் கல்லும் சமமாக இருப்பதில்லை. ஒரு கால் உயர்ந்து மறு கால் தாழ்ந்து நிற்கும் ஒவ்வொரு முறையும், ஏரா உடலோடு சேரும் இடம் கொஞ்சம் வளைந்து நிமிரும். அரை நூற்றாண்டாக அப்படி எத்தனை ஏற்றவற்றம்!

ஆகவே சர்வேயர் முதலில் மண்டியிட்டது அங்கேதான். கறுத்த பாசித்தடுப்புப் பூச்சைச் சிறு சிறு சதுரங்களாகச் சுரண்டினார். டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து, மயிரிழை அளவு விரிசல் தெரிகிறதா என்று தேடினார். வலது ஏராவின் பின்முனையில் ஒன்று இருந்தது. எதுவும் சொல்லாமல் புகைப்படம் எடுத்துக்கொண்டார்.

இந்த இடத்தில் அவர் இவ்வளவு நேரம் செலவிடுவதற்குக் காரணம் இருக்கிறது. 2014 மே மாதம் ‘சீக்கி ராஃபிகி’ என்ற 40 அடிப் படகு ஆன்டிகுவாவிலிருந்து சவுத்தாம்ப்டனுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. அட்லாண்டிக்கின் நடுவில் ஏரா கழன்று விழுந்து, படகு கவிழ்ந்தது. நான்கு பேர் இறந்தார்கள். முன்பு தரைதட்டிய நிகழ்வுகளும் அதன்பின் செய்த பழுதுவேலைகளும் ஏரா சேரும் இடத்தை வலுவிழக்கச் செய்திருக்கலாம் என்றது பிரிட்டனின் கடல் விபத்து ஆய்வுப் பிரிவின் அறிக்கை. சர்வேயர் அந்தக் கதையைச் சொல்லவில்லை. ஹாம்பிள் கரையில் அதை யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

பிறகு தட்டல் தொடங்கியது. கெட்டியான பிளாஸ்டிக் தலை வைத்த சின்னச் சுத்தியல். அதை ஓங்குவதில்லை, மணிக்கட்டிலிருந்து விழவிட வேண்டும். நல்ல ஃபைபர் கூர்மையாகப் பதில் சொல்லும். அடுக்குகள் பிரிந்திருந்தாலோ உள்ளே ஈரம் ஊறியிருந்தாலோ குரல் மங்கும். அணியத்திலிருந்து அமரம்வரை, ஒரு சாண் இடம் விடாமல் போவதற்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. காலை வெயிலில் பக்கவாட்டாகக் குனிந்து கொப்புளங்களையும் தேடினார். மேல்பூச்சான ஜெல்கோட்டைத் தாண்டி மெல்லக் கசியும் நீர், உள்ளே கரையக்கூடியதைக் கரைத்து அமிலமாகி, அழுத்தம் கூடி மேல்பூச்சைத் தூக்கிவிடும். ஆஸ்மோசிஸ் என்று படகுக்காரர்கள் பயந்துபேசும் நோய் இதுதான். கொப்புளத்தைக் குத்தினால் வினிகர் நெடி வரும். கண்ணாடி போடாமல் குத்தவே கூடாது, பீய்ச்சியடிக்கும். இந்தப் படகில் அரிசிமணி அளவில் ஏழெட்டுதான் இருந்தன. இந்த வயதுக்கு அது ஒரு குறையே இல்லை என்றார்.

படகின் வயதைப் பற்றி அவரிடம் நான் கேட்டேன். 1979 ஃபாஸ்ட்நெட் பந்தயத்தைச் சொன்னார். 303 படகுகள் கிளம்பிய அந்தப் பந்தயத்தைப் புயல் தாக்கியதில் 15 பந்தயக்காரர்கள் இறந்தார்கள். மிகச்சிறிய படகுகளின் பிரிவில் ஒன்றே ஒன்றுதான் பந்தயத்தை முடித்தது: 32 அடி கொண்ட ‘அசென்ட்’ என்ற கான்டெசா படகு. அதன் சொந்தக்காரர் பின்னாளில் அதே படகில் ஆர்க்டிக்குக்கும் அண்டார்டிகாவுக்கும் போய்வந்தார். எந்த ஆண்டில் கட்டினார்கள் என்பதைவிட யார் கையில் இருந்தது என்று கேட்கச் சொன்னார்.

அந்தக் கேள்விக்குப் பதில் படகுக்குள் கிடைத்தது. அறைக்கூரையில் ஒட்டிய வினைல் உறை பழைய வெஸ்டர்லிகளில் வழக்கமாகத் தொங்குவதுபோல் தொங்கியது. பார்க்க அசிங்கம், ஆபத்தில்லை. சர்வேயர் தரைப்பலகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். ஏராக்களுக்கு நேர் மேலே, உட்புறத்தில், ஃபைபரால் குறுக்கே வங்குகள், அதாவது விலாச் சட்டங்கள், கட்டியிருந்தார்கள். ஒவ்வொரு வங்கின் விளிம்பும் சரிவாக இழைத்து, மேலே பூச்சடித்து, ஒரு பிசிறு இல்லை. முன்பிருந்த சொந்தக்காரர் யாரோ, வெளியே யாருக்கும் தெரியப்போகாத இந்த வேலைக்கு ஒரு குளிர்காலம் முழுவதையும் கொடுத்திருக்க வேண்டும். வெளியே கண்ட விரிசல் பூச்சோடு நின்றுவிட்டது. நீல வட்டம் போட்ட இடத்துக்குப் பின்னாலும் அதே கை தெரிந்தது. ஏதோ துறையில் இடித்த பழைய காயம். உள்ளிருந்து கனமாக அடுக்கி, வெளியே நிரப்புப் பசை வைத்து மூடியிருந்தார்கள். அமுங்கிய சத்தம் அந்தப் பசையுடையது.

ஆசிரியை அந்த வங்குகளின்மேல் உள்ளங்கையை வைத்தபடி கொஞ்சநேரம் உட்கார்ந்திருந்தார்.

கடைசிச் சொந்தக்காரர் அந்த அளவுக்குப் பொறுமைசாலி இல்லை. கடல்நீர் உள்ளே வருவதற்கும் போவதற்குமான வால்வுகள் நான்கு. இரண்டைச் சுரண்டியபோது செம்பின் இளஞ்சிவப்பு தெரிந்தது. வெண்கலம் போட வேண்டிய இடத்தில் பித்தளை போட்டிருந்தார்கள். உப்புநீர் பித்தளையிலுள்ள துத்தநாகத்தைத் தின்றுவிட்டு வெறும் சல்லடையை மிச்சம் வைக்கும். ஒருநாள் கைப்பிடியோடு கையில் வந்துவிடும், படகுக்குள் கடல் வரும்.

மதியம் ரிக்கர் வந்தார். பாய்மரத்தை நிமிர்த்திப் பிடிக்கும் எஃகுக் கம்பிகள் அவருடைய துறை. கழற்றிக் கட்டைகள்மேல் கிடத்தியிருந்த பாய்மரத்தின் அருகே குந்தி, ஒவ்வொரு கம்பியின் முனையிலும் டிஷ்யூ காகிதத்தைச் சுற்றி இழுத்தார். நான்காவது கம்பியில் காகிதம் கிழிந்தது. பத்தொன்பது இழைகளில் ஒன்று அறுந்து, மீன் முள்போல் நீட்டிக்கொண்டிருந்தது. ஒன்று போனால் எல்லாவற்றையும் மாற்றுவதுதான் முறை. பத்தாண்டு தாண்டிய கம்பிகளைப் பல காப்பீட்டு நிறுவனங்கள் ஏற்பதும் இல்லை.

என்ஜினை ஓட்டிக் காட்டத் தயாராக விற்பவர் நின்றார். சர்வேயர் ஆசிரியையைப் பார்த்து, முதலில் அதன்மேல் கைவைக்கச் சொன்னார். வெதுவெதுப்பாக இருந்தது; முன்பே ஓட்டிச் சூடாக்கியிருந்தார்கள். அதற்குமேல் யாரும் எதுவும் பேசவில்லை. மறுநாள் காலை ஏழு மணிக்கு, உறைபனியில், குழாய்த்தண்ணீர் கொடுத்துக் கிளப்பினார்கள். மூன்றாவது முயற்சியில் பற்றிக்கொண்டது. கொஞ்சம் வெள்ளைப் புகை வந்து கலைந்தது. எண்ணெய் எரியும் நீலம் இல்லை. பாய்கள் இன்னும் இரண்டு கோடை தாங்கும். விற்பனைப் பத்திரங்கள் 1974இலிருந்து ஒன்றுவிடாமல் ஒரு பிஸ்கட் டப்பாவில் இருந்தன. படகின்மேல் வாங்கிய கடன் படகோடுதான் போகும் என்பதால், அந்த டப்பாவையும் சர்வேயர் தாள்தாளாகப் புரட்டினார்.

“நீங்களாக இருந்தால் வாங்குவீர்களா?” என்று ஆசிரியை கேட்டார். அந்தக் கேள்விக்கு அவர் யாருக்கும் பதில் சொல்வதில்லையாம். மூன்று நாளில் இருபத்தோரு பக்க அறிக்கை வந்தது. உடனே செய்ய வேண்டியவை என்ற தலைப்பில் வால்வுகளும் கம்பிகளும் இருந்தன. 4,500 பவுண்டு என்றிருந்த விலை 3,400க்கு இறங்கியது.

மார்ச் மாதக் கடைசியில், ஏற்றம் நிறைந்த ஒரு பிற்பகலில், பட்டை வார்களில் தொங்கியபடி படகு தண்ணீரைத் தொட்டது. தூக்குவண்டிக்காரர் வார்களைத் தளர்த்தாமல் காத்திருந்தார். ஆசிரியை உள்ளே இருந்தார். நான்கு புதிய வெண்கல வால்வுகளின் கீழும் நான்கு டிஷ்யூ தாள்களை விரித்து வைத்திருந்தார். பத்து நிமிடம் ஆனது. பிறகு படிக்கட்டு வாசலில் அவர் தலை தெரிந்தது. நான்கு தாள்களையும் உயர்த்திப் பிடித்துக் காற்றில் ஆட்டினார். அவை காய்ந்திருந்தன. வண்டிக்காரர் நெம்புகோலைத் தள்ளினார்.