திங்கட்கிழமை வயிற்றுவலி

திங்கள்

ஜூன் மாதம், பள்ளி திறந்த வாரம். கோவை சத்தி ரோட்டில் ஐ.டி. கம்பெனி பஸ்களுக்கும் காலேஜ் பஸ்களுக்கும் நடுவே பள்ளி வேன்கள் ஊர்ந்து வருகின்றன. சரவணம்பட்டியில் சில வீடுகளுக்குள் இந்நேரம் நடக்கும் பேச்சு ஏறக்குறைய ஒன்றுதான்.

"எந்திரி கண்ணு, வேன் வந்துரும்."

"வயிறு வலிக்குதும்மா."

டாக்டரிடம் காட்டினால் வயிற்றில் ஒன்றுமில்லை என்கிறார். சனி, ஞாயிறில் அந்த வலி எட்டியும் பார்ப்பதில்லை. "புள்ளை எங்கியோ பயந்துருச்சு, துண்ணூறு மந்திரிச்சுட்டு வா" என்பது அம்மிச்சியின் தீர்ப்பு.

அம்மிச்சி பாதி சரி. பயம்தான் காரணம், வலியும் நிஜம்தான், பிள்ளை நடிக்கவில்லை. இது மாதக்கணக்கில் நீண்டு, பள்ளி, விளையாட்டு, தூக்கம் மூன்றையும் கெடுக்கும்போது மருத்துவர்கள் பதற்றக் கோளாறு என்கிறார்கள். 2015–16இல் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பில் 13 முதல் 17 வயது வரையிலானவர்களில் 3.6 சதவீதம் பேருக்கு இது இருந்தது. அறுபது பேர் உட்காரும் வகுப்பில் சராசரியாக இரண்டு பேர். வாத்தியார் அவர்களை அமைதியான பிள்ளைகள் என்று பாராட்டிக்கொண்டிருக்கவும் கூடும்.

செவ்வாய்

இந்தப் பயத்துக்கு உதவுவதாகச் சொல்லும் போன் செயலிகளைப் பற்றி எழுதுவதற்கு முன் சிகிச்சையைப் பார்த்துவிடுவது நல்லது.

அமெரிக்காவில் மேரி கவர் ஜோன்ஸ் என்ற உளவியலாளர் 1924இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். மூன்று வயதுகூட நிரம்பாத பீட்டர் என்ற பையனுக்கு முயலைக் கண்டால் நடுக்கம். அவன் பிடித்ததைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கூண்டிலிருந்த முயலைக் கொஞ்சம் கொஞ்சமாக அருகில் கொண்டுவந்தார்கள். கடைசியில் முயல் அவன் விரலைக் கறிக்கும் அளவுக்கு நெருக்கம் வந்துவிட்டது. நூறு வருஷமாகியும் அடிப்படை மாறவில்லை. பயப்படுவதை விட்டு ஓடினால் பயம் வளர்கிறது. படிப்படியாகப் பக்கத்தில் போனால் தேய்கிறது.

அதோடு எண்ணங்களைச் சோதித்துப் பார்க்கும் பழக்கமும் சேர்ந்ததே இன்றைய அறிவாற்றல் நடத்தை சிகிச்சை. 'மிஸ் கேள்வி கேட்டா எல்லாரும் சிரிப்பாங்க' என்று நினைக்கும் பிள்ளையிடம், போன தடவை எத்தனை பேர் சிரித்தார்கள் என்று கேட்பது அந்த வகை. 2008இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு 7 முதல் 17 வயது வரையிலான 488 பிள்ளைகளை 12 வாரம் கவனித்தது. இச்சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 59.7 சதவீதம் பேருக்கு நல்ல முன்னேற்றம். செர்ட்ராலின் மாத்திரை மட்டும் என்றால் 54.9, இரண்டும் சேர்ந்தால் 80.7, வெற்று மாத்திரைக்கு 23.7.

எல்லாம் சரி, ஆனால் ஆலோசகரோடு பிள்ளை இருப்பது வாரத்தில் ஒரு மணி நேரம். பயம் வருவதோ வேனில், வகுப்பில், இரவு விளக்கை அணைத்த பிறகு. 'இந்த வாரம் மிஸ்ஸிடம் ஒரு சந்தேகம் கேட்டுவிட்டு வா' என்று கொடுத்த வீட்டுப்பாடம் அங்கேதான் மறந்துபோகிறது.

புதன்

இன்று சிறிய குறிப்பு. அழும் பிள்ளையின் கையில் போனைக் கொடுத்தால் அழுகை நிற்கிறது. விருந்தாளி வந்தால் போன், கல்யாண மண்டபத்தில் போன், லீவு போட்ட நாளில் முழுநேரமும் போன். பதற்றக்காரப் பிள்ளைக்கு இதைவிட வசதியான ஒளிவிடம் கிடையாது. அதே போனுக்குள் ஒரு செயலியைப் போட்டு 'ஒளியாதே, போய்ப் பேசு' என்று சொல்லவைக்க வேண்டியிருக்கிறது. இந்த முரண்பாட்டைத் தாண்டாத செயலியால் பெரிய பயன் இருக்காது என்பது நாட்குறிப்புக்காரரின் எண்ணம்.

வியாழன்

அந்த முரண்பாட்டைத் தாண்டப் பார்த்த செயலி ஒன்று பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. உளவியலாளர் ஜெனிஃபர் சில்க், சுகாதாரத் தகவல் மேலாண்மைப் பேராசிரியர் பம்பாங் பர்மாந்தோ குழுவினர் உருவாக்கியது, பெயர் ஸ்மார்ட்கேட். 2014இல் முதல் வடிவத்தைப் பற்றி எழுதினார்கள். பிறகு விளையாட்டுகளும் புள்ளிகளும் சேர்த்து இரண்டாம் வடிவம் வந்தது.

வேலை செய்யும் விதம் எளிது. ஆலோசனையில் கற்ற திறன்களைப் பிள்ளை தன் இடத்தில், தன் நேரத்தில் பயன்படுத்தும்படி செயலி நினைவூட்டுகிறது. அந்த வாரத்தின் சவாலை ஆலோசகரே குறித்துக் கொடுக்கிறார். பிள்ளை செய்ததும் செய்யாமல் விட்டதும் அவருடைய திரையில் தெரிகிறது. அடுத்த சந்திப்பில் 'இந்த வாரம் எப்படி இருந்தது?' என்று கேட்டால் 'நல்லா இருந்தது' என்று மழுப்ப முடியாது.

2020இல் இரண்டாம் வடிவத்தின் முடிவுகள் வெளியாயின. 9 முதல் 14 வயது வரையிலான 34 பிள்ளைகள் கலந்துகொண்டனர். வழக்கமான 16 சந்திப்புகளுக்குப் பதில் எட்டு சந்திப்புகள், கூடவே செயலி. சிகிச்சை முடிந்தபோது 67 சதவீதம் பேருக்குக் கோளாறு இல்லை. இரண்டு மாதம் கழித்துப் பார்த்தபோது 86 சதவீதம். எண்ணிக்கை சிறியது, ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழுவும் இல்லை. ஆகவே துள்ளிக் குதிக்க வேண்டாம். கவனிக்க வேண்டியது வேறு: அந்த எட்டு சந்திப்புகளிலும் எதிரே ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தார். கிணற்றில் நீச்சல் பழகும் பிள்ளையின் இடுப்பில் கட்டும் சுரைக்குடுக்கைதான் செயலி. கரையில் நின்று சத்தம் போடும் மாமனும் வேண்டும்.

சனி

நம் நாட்டுக் கதை கோவாவில் கிடைக்கிறது. 1996இல் தொடங்கிய சங்கத் அமைப்பு, பிரைட் என்ற திட்டத்தின் கீழ் பள்ளி மாணவர்களுக்காக 'பாட் அட்வென்சர்ஸ்' என்ற விளையாட்டுச் செயலியைச் செய்தது. பிரச்சினை என்ன, வழிகள் எவை, செய்து பார் என்ற மூன்று படிகளைக் கதைமாந்தர் வழியே கற்றுத் தருகிறது. பதற்றக் கோளாறுக்கென்றே செய்யப்பட்டதல்ல. மாணவர்களின் பொதுவான மனச்சுமைக்கானது. ஆனால் மனநல மருத்துவர் தேவைப்படாமல், பயிற்சி பெற்ற சாதாரண ஆலோசகர்களே பள்ளிக்குள் கூட இருந்து நடத்தினார்கள். கோவையின் பள்ளிகள் எதையாவது பார்த்துச் செய்வதென்றால் இதைத்தான் பார்க்க வேண்டும்.

கடை விரித்திருக்கும் மற்றச் செயலிகளின் நிலை? குழந்தைகள், வளரிளம் பருவத்தினரின் பதற்றத்துக்கென விற்கப்பட்ட 121 செயலிகளை 2018இல் ஓர் ஆய்வு அலசியது. ஆதாரமுள்ள சிகிச்சைக் கூறு ஒன்றாவது இருந்தவை ஏறக்குறைய பாதிதான். மூச்சை இழு, விடு என்று சொல்வது எந்தச் செயலிக்கும் சுலபம். வகுப்பில் கையைத் தூக்க வைப்பதுதான் கஷ்டம்.

இன்னொரு சங்கதி, தகவல். மனநல ஆலோசனை தரும் பெட்டர்ஹெல்ப் நிறுவனம், பயனாளர் விவரங்களை ஃபேஸ்புக் போன்றவற்றுக்கு விளம்பரத்துக்காகக் கொடுத்த குற்றச்சாட்டில் 2023இல் அமெரிக்க வர்த்தக ஆணையத்திடம் 78 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. இந்தியாவின் 2023ஆம் ஆண்டு தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்டவர்களின் விவரங்களுக்குப் பெற்றோர் சம்மதத்தைக் கட்டாயமாக்குகிறது; பிள்ளைகளைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதையும், அவர்களைக் குறிவைத்து விளம்பரம் காட்டுவதையும் தடுக்கிறது. 2025 நவம்பரில் வந்த விதிகள் படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. மருத்துவ, மனநல நிலையங்களுக்குச் சிகிச்சைக்குத் தேவையான அளவு விலக்கு உண்டு. அதாவது ஆஸ்பத்திரி வழியாக வரும் செயலிக்கு இடம் இருக்கிறது. இலவசம் என்று வந்து பிள்ளையின் பயத்தைக் குறித்துக்கொண்டு போகும் செயலியைப் பெற்றோர் இரண்டு தடவை யோசித்தே உள்ளே விட வேண்டும்.

ஞாயிறு

சரவணம்பட்டித் தாய் ஒருவர் நாளைக்கு என்ன செய்வது என்று கேட்டால் சொல்ல மூன்று விஷயம் இருக்கிறது. முதலில் குழந்தை மருத்துவர். வயிற்றில் வேறு கோளாறு இல்லை என்று உறுதியாக வேண்டும். அடுத்து 14416. மத்திய அரசின் டெலி மானஸ் சேவை 2022 அக்டோபர் 10இல் தொடங்கியது. தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை, இரவு பகல் எந்நேரமும் கூப்பிடலாம். இரண்டாண்டு கழித்து அதே தேதியில் அதற்கும் ஒரு செயலி வந்தது. நேரில் போவதென்றால் கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது.

மூன்றாவது, ஆலோசகர் படிகளைப் போட்டுக் கொடுத்தபின், வீட்டிலிருக்கும் போனே போதும். முதல் நாள் வேன் வரை நடை, பிறகு பள்ளி கேட், பிறகு முதல் பீரியட் மட்டும். ஒவ்வொன்றையும் முடித்ததும் பயம் பத்துக்கு எத்தனை என்று பிள்ளையே தன் குரலில் பதிந்து வைக்கட்டும். அடுத்த சந்திப்பில் அதை ஆலோசகருக்குப் போட்டுக் காட்டலாம்.