இடப்பக்கமும் வலப்பக்கமும்

மொழிபெயர்ப்பு, புலம்பெயர்வு என்னும் இரு சொற்களையும் பத்திரிகையில் நாள்தோறும் எழுதுகிறோம். இரண்டையும் இயக்குவது 'பெயர்' என்ற ஒரே வினையடிதான். இருந்த இடத்தை விட்டு நகர்வதே பெயர்தல். பொருள்தேடிப் பிரிந்த தலைவன் கடந்துசென்ற வேற்றுமொழி நிலத்தைச் சங்கப் புலவர்கள் 'மொழிபெயர் தேயம்' என்று அழைத்தனர். மொழி மாறும் எல்லையையே நாடு மாறும் எல்லையாக அவர்கள் கண்டிருக்கின்றனர். 1983 ஜூலைக்குப் பின்னர் ஈழத்தமிழர் இலட்சக்கணக்கில் அவ்வெல்லையைத் தாண்டினர். பொருள்தேடிப் போன தலைவன் கார்காலத்திலே திரும்பி வருவான் என்ற நம்பிக்கை அகப்பாடல்களில் உண்டு. நம்மவர் போன வழியில் அத்தகைய தவணை எதுவும் இருக்கவில்லை.

அந்தப் போரையும் பெயர்வையும் பேசும் கவிதைகள் இப்போது இருமொழி நூல்களாக என் அலுமாரியின் ஒரு தட்டை நிரப்பியிருக்கின்றன. சேரனின் கவிதைகளைப் பேராசிரியர் செல்வா கனகநாயகம் ஆங்கிலமாக்க, 2011இல் ரொறன்ரோவில் வெளிவந்த இருமொழித் தொகுதி ஒன்று. அதே கவிஞரின் கவிதைகளை லக்ஷ்மி ஹோம்ஸ்ட்ரோம் பெயர்த்து, இங்கிலாந்தின் ஆர்க் பதிப்பகம் 2013இல் வெளியிட்ட 'இன் எ ரைம் ஒஃப் பேர்னிங்' இன்னொன்று. ஹோம்ஸ்ட்ரோமும் சாஷா ஈபெலிங்கும் சேர்ந்து ஈழத்துப் போர்க்காலக் கவிஞர்கள் பலரைத் தொகுத்த 'லொஸ்ற் ஈவினிங்ஸ், லொஸ்ற் லைவ்ஸ்' 2016இல் வந்தது. இத்தகைய நூலை விரித்தால் இடப்பக்கத்தில் தமிழும் வலப்பக்கத்தில் ஆங்கிலமும் எதிரெதிரே நிற்கும்.

இந்த இரு பக்கங்களும் யாருக்காக என்ற கேள்வி நெடுநாளாக என்னுள் உண்டு. தமிழ் அறிந்தவனுக்கு வலப்பக்கம் தேவையில்லை. ஆங்கிலம் மட்டும் அறிந்தவருக்கு இடப்பக்கம் வெறும் கோலம். அப்படியிருக்க இரண்டையும் ஒரே அட்டைக்குள் கட்டிவைப்பதற்கு ஒரு காரணம் இருக்கவேண்டும்.

நம்மிடமிருந்து பிறமொழிக்குப் போவதற்கு முன்னர், பிறமொழியிலிருந்து நமக்கு வந்ததை இங்கு நினைவுகூர வேண்டும். எம்.ஏ. நுஃமான் பலஸ்தீனக் கவிதைகளை ஆங்கிலம் வழியாகத் தமிழுக்குக் கொண்டுவந்து 1981இல் நூலாக்கினார். யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டதும் அதே ஆண்டிலேதான். நிலம் பறிபோனவனின் குரல் எப்படி ஒலிக்கும் என்பதை எம் தலைமுறை முதலிற் கற்றுக்கொண்டது அந்த மொழிபெயர்ப்பிலிருந்து. நூலக எரிப்பைக் கண்டு நுஃமான் எழுதிய 'புத்தரின் படுகொலை' பின்னர் ஆங்கிலத்திலும் வாசிக்கப்பட்டது. 1985இல் வந்த 'மரணத்துள் வாழ்வோம்', அடுத்த ஆண்டு வந்த 'சொல்லாத சேதிகள்' ஆகிய தொகுப்புகள் வெளிநாட்டு வாசகனை எண்ணி உருவானவை அல்ல. அவை அயலில் இருந்தவனை நோக்கிப் பேசின. அந்தக் குரல்களுக்கு வலப்பக்கம் ஒன்று முளைக்கும் என்று அப்போது யாரும் எதிர்பார்த்திருக்க முடியாது.

கவிதை எதைச் செய்கிறது என்பதை நான் உணர்ந்தது செய்தி மேசையிலிருந்துதான். தொண்ணூறுகளில் கொழும்பில் ஒரு நாளிதழில், ஆங்கிலத்தில் வரும் முகவர் செய்திகளையும் அறிக்கைகளையும் தமிழாக்குவது என் வேலைகளுள் ஒன்று. 'கொல்லப்பட்டனர்' என்ற செயப்பாட்டு வினை எமக்கு மிகவும் உதவியது. கொன்றவர் யார் என்று சொல்லாமலே ஒரு வாக்கியத்தை இலக்கணப் பிழையின்றி முடித்துவிடலாம். 1998இலும் 2000இலும் போர்ச்செய்திகளுக்குத் தணிக்கை இருந்தது. நீக்கப்பட்ட வரிகளின் இடத்தை வெள்ளையாகவே விட்டு அச்சிட்ட பத்திரிகைகளும் உண்டு. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஒரே இரவிற் கிளம்பித் தென்மராட்சி நோக்கி நடந்தபோது, செய்தியில் நாம் எழுதியது ஒரு தொகை. அதன் பின்னே 'இடம்பெயர்ந்தனர்' என்ற பயனிலை. பூட்டிய வீட்டின் திறப்பை மடியில் முடிந்துகொண்டு போனவளுக்கு அந்த வாக்கியத்தில் இடமில்லை. ஞாயிறு இதழுக்குத் தபாலில் வந்த கவிதைகளிலேதான் அவள் இருந்தாள்.

சேரன் யாழ்ப்பாணத்தில் 'சற்றர்டே றிவியூ'விலும் பின்னர் கொழும்பிற் 'சரிநிகர்' இதழிலும் பணியாற்றிய பத்திரிகையாளர் என்பதை அவருடைய வாசகர் பலர் மறந்துவிடுகின்றனர். செய்தியின் எல்லை எங்கே முடிகிறது என்று அறிந்தவரின் கவிதைகள் அவை.

இனி இரு பக்கங்களுக்கும் இடையில் நடப்பதைப் பார்க்கலாம். போர்க்காலத் தமிழுக்குள் ஆங்கிலச் சொற்கள் பல அகதிகளைப்போல வந்து தங்கிவிட்டன: ஷெல், பங்கர், சென்றி, ஹெலி, பாஸ், ஐ.சி. தமிழ்க் கவிதையில் 'ஷெல்' என்ற சொல் அந்நியமாய் உறுத்தும். எம் கிணற்றடியில் அந்த ஒலிக்கு என்ன வேலை என்று கேட்கவைக்கும். ஆங்கிலப் பக்கத்துக்கு அது போனதும் சொந்த வீட்டுக்குத் திரும்பியதுபோல அமைதியாக அமர்ந்துவிடுகிறது. உறுத்தல் போய்விடுகிறது. எம்மூர்க் கிழவிகள் அதனைச் 'செல்' என்றே சொல்வார்கள். தமிழில் அது 'போ' என்ற கட்டளையும் ஆகும். இதை எந்த மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலத்தில் நிறுத்தமுடியும்?

'அகதி' என்பது இன்னொன்று. கதியற்றவர் என்பதே அதன் பொருள். ஆங்கிலச் சொல்லோ புகலிடம் என்பதிலிருந்து பிறந்தது. இடப்பக்கத்தில் நிற்பவரிடம் ஒன்றுமில்லை. வலப்பக்கத்தில் நிற்பவர் ஒன்றைத் தேடிப் போகிறவர். ஒரே மனிதர்தான், ஆனால் முதலாவது பெயரால் அழைக்கும் ஊரும் இரண்டாவது பெயரால் அழைக்கும் ஊரும் அவரை ஒரே விதமாக நடத்தமாட்டா. 2010 ஓகஸ்டில் 'சன் சீ' என்ற கப்பல் 492 தமிழரோடு கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாக் கரையை அடைந்தது. வந்தவர்கள் தடுத்துவைக்கப்பட்டனர். தமிழிற் சொன்ன கதையை உரைபெயர்ப்பாளர் ஆங்கிலத்திற் சொல்ல, அதைக் கேட்டு ஒருவர் முடிவெடுப்பதே அகதி விசாரணையின் முறை. அதுவும் ஓர் இருமொழிப் பனுவல்தான். அங்கே ஒரு சொல் பிசகினால் ஒரு வாழ்வு பிசகும்.

'பனி'யையும் சொல்லவேண்டும். யாழ்ப்பாணத்தில் எமக்குப் பனி என்றால் மார்கழி விடியலிற் புல்நுனியில் நிற்பது. குறுந்தூரத்துக்கு வயலை மறைப்பதும் அதுவே. ரொறன்ரோவிலும் ஒஸ்லோவிலும் இருந்து வரும் கவிதைகளில் அது முழங்கால் வரை கொட்டிக் கிடப்பது. தமிழ்ப்பக்கத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் என்பதால், கனடாவின் வெள்ளைத் தெருவில் நடக்கும்போதே அளவெட்டியின் விடியலும் கூடவே வருகிறது. ஆங்கிலமோ மூன்று சொற்களில் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். பனியும் பனிசார்ந்த நிலமும் ஆறாந்திணை என்று பலர் எழுதினர். அந்தத் திணையின் கருப்பொருள்களுள் இரு நாடுகளைத் தாங்கும் இந்த ஒரு சொல்லையும் சேர்க்கலாம் என்பது என் எண்ணம்.

ஆனால் என்னை அதிகம் அலைக்கழித்தது இவற்றினும் சிறிய ஒரு சொல். ஸ்காபரோவில் இருக்கும் என் அண்ணனின் மகள் அங்கேயே பிறந்தவள். தமிழ் பேசுவாள், வாசிக்கமாட்டாள். மேற்சொன்ன நூல்களுள் ஒன்றை அவளும் வாங்கியிருந்தாள். ஓரிரவு தொலைபேசியில் வலப்பக்கத்தை அவள் வாசிக்க, அதே கவிதையின் இடப்பக்கத்தை நான் வைத்திருந்தேன்.

"சித்தப்பா, இதிலை 'வி' எண்டு திரும்பத் திரும்ப வருது. ஆர் அந்த 'வி'? அதுக்குள்ளை நானும் இருக்கிறனோ?"

ஆங்கிலம் இதற்குப் பதில் சொல்லாது. தமிழ் சொல்லும். 'நாம்' என்றால் கேட்பவரும் உள்ளே. 'நாங்கள்' என்றால் கேட்பவர் வெளியே. என் முன்னிருந்த பக்கத்தில் 'நாங்கள்' என்றுதான் இருந்தது. அதை அவளுக்கு விளக்கினேன். சற்று நேரம் பேசாதிருந்தாள். பிறகு, "அப்ப எனக்கு இந்தக் கவிதை வெளியிலை நிண்டு கேக்கிறதுக்குத்தான், என்ன?" என்றாள்.

அக்கேள்வியை இலகுவாகத் தள்ளிவிட முடியவில்லை. ஷெல் விழுந்த முற்றத்தில் அவள் நின்றதில்லை. எனினும் தன் தந்தை நித்திரையில் ஏன் அலறுகிறார் என்று அறியாமல் வளர்ந்தவள். அவளுக்கு எந்தச் சொல்லால் இடம்கொடுப்பது? அன்றுமுதல் இடப்பக்கத்தைக் குரலிற் பதிவுசெய்து அனுப்பும்படி கேட்கிறாள். நான் வாசித்து அனுப்புகிறேன். வலப்பக்கத்தைக் கண்ணாலும் இடப்பக்கத்தைக் காதாலும் வாசிக்கும் ஒரு தலைமுறை இவ்வாறு உருவாகியிருக்கிறது. இருமொழி நூல் யாருக்கு என்ற என் கேள்விக்குக் கிடைத்த முதல் விடை இவள்.

'நாம்' என்ற சொல் எமக்குள்ளேயே உடைந்ததையும் மறைத்தலாகாது. 1990 ஒக்ரோபரில் வடக்கின் முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். பலர் புத்தளத்து முகாம்களில் வாழ்ந்தனர். மொழி மாறாமலே புலம்பெயர்ந்தவர்கள் அவர்கள். தமிழிலேயே பேசி, தமிழராலேயே 'நாங்க'ளுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள். போரையும் நாடிழப்பையும் பற்றிய தொகுப்பு எதுவாயினும், அவர்களுடைய குரல் அதில் இல்லையெனில் அதன் இடப்பக்கமே குறையுடையது. வலப்பக்கத்தின் நயத்தால் அக்குறை தீராது.

இங்கே இருந்துவிட்டவர்களிடம் ஒரு முறைப்பாடு உண்டு. வெளிநாட்டில் இருந்துகொண்டு எம் துயரை ஆங்கிலத்தில் அச்சிட்டு மேடையேற்றுகிறார்கள் என்பார்கள். நானும் இங்கேயே இருந்தவன் என்பதால் அந்தக் கசப்பை அறிவேன். ஆயினும் கவிஞை செல்வியை நினைக்கும்போது அம்முறைப்பாடு வலுவிழக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவியான அவரை 1991இல் விடுதலைப் புலிகள் பிடித்துச் சென்றனர். அவர் திரும்பவில்லை. 1992இல் பென் அமைப்பு அவருக்கு விருதளித்தபோது அதைப் பெற்றுக்கொள்ள அவர் இருக்கவில்லை. ஊரில் உரக்கச் சொல்ல அஞ்சிய பெயரை உலகம் வேறொரு மொழியில் உச்சரித்தது. 2009இல் கனகநாயகம் மொழிபெயர்த்துக் கனடாவில் வெளியிட்ட ஒரு நூலில் மூன்று கவிஞர்கள்: சேரன், வ.ஐ.ச. ஜெயபாலன், புதுவை இரத்தினதுரை. முதலாமவர் கனடாவில்; இரண்டாமவர் நோர்வேயில் வாழ்ந்தவர்; மூன்றாமவர் புலிகளின் கவிஞர், போரின் இறுதியில் 2009 மே மாதத்துக்குப் பின் என்னவானார் என்ற தகவல் இல்லை. அரசியலால் ஒருவரோடொருவர் ஒவ்வாதவர்களை அந்நூல் அடுத்தடுத்த பக்கங்களில் இருத்தியிருக்கிறது. நம் மேடைகளில் அது நடப்பது அரிது.

கனகநாயகம் 2014 நவம்பரிலும் ஹோம்ஸ்ட்ரோம் 2016 மே மாதத்திலும் மறைந்தனர். இரு கரைகளையும் அறிந்த இருவரின் இடம் பெரியது.

இறுதியாக எனக்கு இருக்கும் ஆதங்கம் ஒன்று. எம் அலுவலகக் கட்டடத்தின் மற்ற மாடியில் சிங்களப் பத்திரிகை ஒன்று இயங்கியது. அங்கே பணியாற்றிய நண்பர் நல்ல இலக்கிய வாசகர். சேரனின் கவிதைகளை அவர் அறிந்துகொண்டது ஆர்க் பதிப்பின் வலப்பக்கத்திலிருந்து. ஒரு மாடிப்படி தூரத்தில் இருந்த இருவர், ஒருவர் மற்றவருடைய இழப்பை அறிய இங்கிலாந்து வரை சென்று திரும்ப வேண்டியிருந்தது. தமிழ்க் கவிதைகள் சிங்களத்துக்கும் சிங்களக் கவிதைகள் தமிழுக்கும் பெயர்க்கப்பட்டே வந்திருக்கின்றன. அதிற் பாடுபட்டவர்கள் போற்றத்தக்கவர்கள். எனினும் ஓர் அட்டைக்குள் இரு மொழிகளும் எதிரெதிரே நிற்கும் நூல்கள் நம் புத்தகக் கடைகளில் அருமையாகவே கண்ணிற் படுகின்றன.

சிங்களத்திலும் 'நாம்', 'நாங்கள்' என்ற வேறுபாடு இல்லை. 'அபி' என்ற ஒரு சொல்தான். இடப்பக்கத்தில் 'நாங்கள்' என்று தமிழ்க் கவிதை விலக்கிச் சொல்லும்போது, வலப்பக்கத்தில் அது 'அபி' என்று நிற்கும். அதை வாசிக்கும் மாத்தறையிலோ குருநாகலிலோ உள்ள ஒரு பிள்ளை, "இதற்குள் நானும் இருக்கிறேனா?" என்று கேட்கக்கூடும். என் பெறாமகள் கேட்டதே அக்கேள்வி. அதற்குப் பதில் சொல்லக்கூடிய அளவுக்கு இரு மொழியும் அறிந்தவர்கள் இந்நாட்டிற் சிலராவது இருக்கின்றனர். அவர்கள் இருக்கும்போதே அந்த நூல் வரவேண்டும்.